அந்த அக்காவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்



உயர்கல்வி பற்றிய கலந்துரையாடல் ஒன்றைப் பங்சாரில் உள்ள சிறிய ஒளிப்பதிவுக் கூடத்தில் நடத்திக்கொண்டிருந்தோம். மருத்துவம், சட்டம், கணக்கியல் என்று வழக்கமான பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கிள்ளானிலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் வந்தார்.

“தங்கச்சி, என் மகளுக்கு மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைச்சிருக்கு. இரசாயனத்தில ஏதோ வினைவேகம், வினையூக்கம்னு சொல்றா. பேரே வாயில நுழையல. அவங்க அப்பா, பேசாம வேலைக்குப் போன்னு சொல்றாரு. இந்தப் படிப்புக்கு நம்மாளுங்க யாராச்சும் போயிருக்காங்களா? இதைப் படிச்சு என்னம்மா செய்யப் போறா?”

நான் மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். இரசாயனப் பாடத்தை எஸ்.பி.எம். தேர்வோடு தலைமுழுகியவள். “நல்ல படிப்புதான் அக்கா, பிள்ளையின் விருப்பத்துக்கு விடுங்க” என்று சிரித்துச் சமாளித்து விளம்பர இடைவேளைக்குப் போய்விட்டேன். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியபோது அது பதிலே இல்லை என்று மனம் உறுத்தியது. ஒரு குடும்பம் முடிவெடுக்க முடியாமல் நிற்கும்போது, “விருப்பத்துக்கு விடுங்க” என்பது கதவைச் சாத்துவதற்குச் சமம். அடுத்த கலந்துரையாடலில் அவருக்குச் சொல்ல வேண்டியதைத் தேடிப் படித்துக்கொண்டு போய்ப் பேசினேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுத்தாக்கித் தருகிறேன்.

முதலில் நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறேன். இன்று காப்பிக் கடைகளும் அடுக்குமாடிகளுமாக இருக்கும் பங்சார் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம். பங்ஜ், கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டிச் சுருங்கியே பங்சார் ஆனது என்பார்கள். இங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். என் பாட்டியும் கிள்ளான் வட்டாரத்தில் பால் வெட்டியவர். பொழுது விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும் முன்னே மரங்களைச் சீவி முடித்துவிட வேண்டும் என்பார். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும், மங்கில் நிற்கிற பாலும் கெட்டுத் திரிய ஆரம்பிக்கும். பால் ஸ்டோரில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாசம் இருக்குமாம். பால் உறையாமல் இருக்க ஊற்றுகிற மருந்தின் வாசம் அது. அந்த மருந்தின் பெயர் அம்மோனியா. ஏற்றுமதிக்குச் செல்லும் அடர் கித்தாப் பாலில் ஏறத்தாழ 0.7 விழுக்காடு வரை இதைச் சேர்ப்பார்கள்.

அந்த அக்காவின் மகள் படிக்கப் போகிற படிப்பு முழுவதும் என் பாட்டியின் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பால் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்று கேட்பது வேதி வினைவேகவியல். அந்த அம்மோனியா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது வினையூக்கத்தின் கதை.

வேகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1850ஆம் ஆண்டில் வில்லெம்மி என்ற ஜெர்மானியர், அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசல் எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று அளந்து அதைக் கணக்காக எழுதினார். 1889இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ், வெப்பம் ஏறினால் வேகம் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். மூலக்கூறுகள் ஒரு மேட்டைத் தாண்டினால்தான் மாற்றம் நடக்கும். வெப்பம் கூடும்போது அந்த மேட்டைத் தாண்டும் தெம்புள்ளவை பெருகும். சாதாரண வெப்பநிலையில் பல வினைகள் 10 பாகை ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது இதிலிருந்து வந்த பேச்சுவழக்குக் கணக்கு. இதை அறியாமலேயே நம் தோட்டங்களின் கடிகாரம் இதன்படி ஓடியது.

மேட்டையே தாழ்த்திவிட்டால் என்ன? அந்த வேலையைச் செய்வதுதான் வினையூக்கி. தான் தீர்ந்துபோகாமல் வினைக்கு வேறொரு சுலபமான பாதையைக் காட்டும் பொருள் அது. 1830களில் சுவீடனின் பெர்சீலியஸ் இதற்குப் பெயர் சூட்டினார். வினைபடு பொருள் வாயுவாகவும் ஊக்கி திடப்பொருளாகவும் இருந்தால், அதாவது இரண்டும் வெவ்வேறு நிலையில் இருந்தால், அதைப் ‘பலபடித்தான வினையூக்கம்’ என்று தமிழ்ப் பாடநூல்கள் சொல்கின்றன. பெயர்தான் பயமுறுத்துகிறது. விஷயம் நமக்குப் பழக்கமானது.

வெள்ளிக்கிழமை இரவு ஜாலான் தெலாவிப் பக்கம் கார் ஓட்டிப் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். எத்தனை கார் வந்தாலும், காலியாக இருக்கும் கட்டத்தில்தான் நிறுத்த முடியும். கட்டங்கள் நிறைய நிறையப் புதிதாக நிற்கும் கார்களின் எண்ணிக்கை குறையும். போகிற காரும் வருகிற காரும் சமமாகும் கட்டம் ஒன்று வரும். வினையூக்கியின் மேற்பரப்பும் இப்படித்தான். மின்விளக்கு நிறுவனத்தில் வேலை செய்த அமெரிக்கர் லாங்மூர் முதல் உலகப் போர் ஆண்டுகளில் இதைக் கணக்காக்கினார், 1932இல் நோபல் பரிசும் பெற்றார். வண்டியை நிறுத்திவிட்டு எடுக்கவே எடுக்காத ஆசாமி ஒருவர் இருப்பாரே, அவரைப் போன்ற மூலக்கூறுகளும் உண்டு. கந்தகம் அப்படிப்பட்டது. அது உட்கார்ந்த இடம் உட்கார்ந்ததுதான். ஊக்கிக்கு விஷமேறிவிட்டது என்பார்கள். அதற்காக, பிடிப்பே இல்லாமல் நழுவும் மேற்பரப்பும் உதவாது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். 1912இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சுக்காரர் சபாத்தியேயின் கொள்கை இதுவே. நிக்கல் தூளைக் கொண்டு ஹைட்ரஜனேற்றம் செய்யும் அவருடைய வழியைப் பின்பற்றித்தான் பிற்காலத்தில் எண்ணெயை இறுக வைத்து வனஸ்பதி செய்தார்கள். நம் பாட்டிமார் சமையலறையில் இருந்த டால்டாவின் வம்சாவளி இது.

இப்படிக் கட்டங்கள் ஏராளமாக வேண்டும் என்பதால், ஊக்கியை நுண்துளைகள் நிறைந்த பொருள்மீது ஏற்றுவார்கள். அத்தகைய பொருள் ஒரு கிராமுக்குள் 200 சதுர மீட்டர் மேற்பரப்பு இருப்பது சாதாரணம். ஒரு சிட்டிகைத் தூளுக்குள் இரண்டு பூப்பந்து ஆட்டக்களத்துக்கும் அதிகமான பரப்பு! இதை அளக்க 1938இல் புருனாவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் ஒரு முறை கண்டார்கள். மைனஸ் 196 பாகைக் குளிரில் நைட்ரஜனைப் படியவைத்து எண்ணும் முறை. முதுகலை மாணவர்கள் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி அம்மோனியாவுக்கு வருகிறேன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்கு அது தேவை. ஆனால் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடியால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது, அதன் இரட்டை அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. 1909 ஜூலை 2ஆம் நாள் கார்ல்ஸ்ரூவில் பிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானிய யூத விஞ்ஞானி, கடும் அழுத்தத்தில் ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தின் மேல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் செலுத்தி, சொட்டுச் சொட்டாக அம்மோனியா வடிவதை பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தாருக்குக் காட்டினார். ஆனால் ஆஸ்மியத்தை நம்பித் தொழிற்சாலை கட்ட முடியுமா? மலிவான மாற்றைத் தேடும் வேலை அல்வின் மித்தாஷ் என்பவரிடம் வந்தது. அவருடைய குழு ஏறத்தாழ 2,500 கலவைகளை 6,500 தடவை சோதித்தது. கடைசியில் கைகொடுத்தது சுவீடனிலிருந்து வந்த ஓர் இரும்புத் தாது. அதில் இருந்த சிறு சிறு கலப்படங்களே அதன் பலம் என்பது பிறகு தெரிந்தது. கார்ல் போஷ் அழுத்தத்தைத் தாங்கும் கலன்களைச் செய்தார். 1913இல் ஓப்பாவ் நகரில் ஆலை ஓடத் தொடங்கியது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் ஹேபர் அல்ல, 6,500 தடவை குடுவையைத் திறந்து மூடிய அந்தப் பெயர் தெரியாத உதவியாளர்கள்தான். நம் தோட்டத்து வரலாறும் அப்படிப்பட்டவர்களுடையதே.

ஹேபரின் வீட்டுக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. மகளைப் படிக்க வைக்கத் தயங்கும் பெற்றோருக்காக அதைச் சொல்லியே தீர வேண்டும். அவர் மனைவி கிளாரா இமர்வார். 1900இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அங்கே அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய ஆய்வு வாழ்க்கை வீட்டோடு முடங்கியது. போர் வந்தது. சிலி நாட்டு வெடியுப்பு ஜெர்மனிக்கு வராமல் கடல்வழி அடைபட்டபோது, உரத்துக்காகக் கண்டுபிடித்த அதே அம்மோனியா வெடிமருந்தாக மாறியது. 1915 ஏப்ரல் 22இல் ஈப்ரு போர்க்களத்தில் குளோரின் நச்சுவாயுவை ஏவும் பணியை ஹேபரே முன்னின்று நடத்தினார். மே 2ஆம் நாள் கிளாரா கணவரின் துப்பாக்கியால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணம் என்ன என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது. கிளாராவின் ஆய்வு என்னவாகியிருக்கும் என்று கேட்க யாரும் இல்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஆலை ஓடியது, உரம் குவிந்தது, உலக மக்கள் தொகையில் பெரும்பங்குக்குச் சோறு கிடைத்தது. ஆனால் அந்த இரும்பின் மேல் என்னதான் நடக்கிறது என்பது 60 ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் உறுதியாகத் தெரியாது! 1970களில் கெர்ஹார்ட் எர்ட்ல் என்பவர், தூசு தும்பில்லாத வெற்றிடத்தில் தூய இரும்புப் படிகத்தை வைத்துப் பார்த்து, நைட்ரஜன் மூலக்கூறு முதலில் மேற்பரப்பில் இரண்டாகப் பிளக்கிறது, மெதுவான படி அதுதான் என்று காட்டினார். 2007 அக்டோபர் 10ஆம் நாள், அவருடைய 71ஆவது பிறந்த நாளன்று, நோபல் பரிசு அறிவிப்பு வந்தது.

முதுகலை வகுப்பில் மாணவரைப் படுத்துவதும் இதே சங்கடம்தான். கணக்குச் சரியாக வந்தால் விளக்கமும் சரி என்று ஆகிவிடாது. ஹைட்ரஜனும் அயோடினும் சேரும் வினையை 1890களில் போடன்ஸ்டைன் அளந்தார். இரண்டு மூலக்கூறும் நேருக்கு நேர் மோதி வினை நடக்கிறது என்று ஏறத்தாழ 70 ஆண்டுகள் பாடநூல்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. சமன்பாடும் கச்சிதமாகப் பொருந்தியது. 1967இல் சல்லிவன் என்பவர், அயோடின் அணுக்கள் தனித்தனியாகப் பிரிந்து வேலை செய்கின்றன என்று காட்டியபோது அந்த நேர் விளக்கம் ஆட்டம் கண்டது. அதே கணக்கு, வேறு கதை. கிடைத்த விடையோடு திருப்தி அடையாத மனம் உள்ளவர்களுக்கான படிப்பு இது.

“நம்மாளுங்க யாராச்சும் போயிருக்காங்களா?” என்று அக்கா கேட்டாரே, அதற்கு வருவோம். போயிருக்கிறார்கள், நிறையவே. சென்னையின் லயோலா கல்லூரியில் அருட்தந்தை எத்தனப்பள்ளி என்ற இயேசு சபைத் துறவி இருந்தார். மேற்பரப்பில் எல்லா இடமும் வேலை செய்வதில்லை, சில ‘செயல் மையங்கள்’ மட்டுமே வேலை செய்கின்றன என்று 1925இல் சொன்ன ஹியூ டெய்லருடன் சேர்ந்து ஆய்வு செய்தவர் அவர். அந்த வித்தையைச் சென்னைக்குக் கொண்டுவந்து மாணவர் பரம்பரை ஒன்றை உருவாக்கினார். லயோலாவில் படித்து, 1967இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர் பால் ரத்னசாமி. ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிம ஊக்கிகளில் உலகப் பெயர் பெற்றார். 1984இல் பட்நாகர் விருது, 2001இல் பத்மஸ்ரீ. 1995 முதல் 2002 வரை புனேயில் உள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் இயக்குநர்.

இன்னொரு கிளை பெங்களூரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனி நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்துகொண்டிருந்தது. பிஷர், டிராப்ஷ் இருவரும் 1920களில் கண்ட வழி அது. கரிமோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் கோபால்ட் அல்லது இரும்பின் மேல் செலுத்தினால் எண்ணெய் வடியும். இந்திய அறிவியல் கழகத்தில் அதன் இயக்குநர் ஜே.சி. கோஷும், எம்.வி.சி. சாஸ்திரியும் இந்த வினையை ஆராய்ந்தார்கள். கோபால்ட் ஊக்கியின் மேல் இந்த வாயுக்கள் எப்படிப் படிகின்றன என்ற அவர்களுடைய கட்டுரை 1952இல் அமெரிக்க இதழில் வெளியானது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. எழுந்தபின் சாஸ்திரி அங்கே வந்து இரசாயனத் துறையை வளர்த்தார். அவர் வழி வந்த பேராசிரியர் பி. விஸ்வநாதன் தலைமையில் 2006இல் அங்கே தேசிய வினையூக்க ஆய்வு மையம் அமைந்தது. வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளில் இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களை ஓரிடத்தில் கூட்டி அடிப்படையிலிருந்து பாடம் சொல்லும் பயிற்சி வகுப்புகளையும் அவர் அங்கே நடத்தினார். சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது எத்தனை பெரிய வாசல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, சென்னைக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். சாஸ்திரி ஆராய்ந்த அதே கோபால்ட் வினை நம் நாட்டில், சரவாக்கின் பிந்துலுவில் ஓடுகிறது. 1993இல் ஷெல் நிறுவனம் அங்கே இயற்கை எரிவாயுவிலிருந்து டீசலும் மெழுகும் செய்யும் ஆலையைத் தொடங்கியது, நாளொன்றுக்கு 12,000 பீப்பாய்க்கு மேல் செய்யும் திட்டத்தோடு. 1997ஆம் ஆண்டின் புகைமூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நான் சிறுமி. முகக்கவசத்தோடு பள்ளிக்குப் போனதைப் பெருமையாக நினைத்தேன். சரவாக்கில் செப்டம்பரில் அவசரநிலையே அறிவித்தார்கள். அந்த ஆலைக்குத் தூய ஆக்சிஜன் வேண்டும். காற்றைக் குளிர்வித்துப் பிரிக்கும் பிரிவுக்குள் காட்டுத்தீப் புகையின் எரியக்கூடிய நுண்துகள்களும் காற்றோடு நுழைந்து, திரவ ஆக்சிஜன் பக்கம் சேர்ந்துகொண்டே வந்தன. கிறிஸ்துமஸ் நாளன்று, டிசம்பர் 25இல், அவை தீப்பிடித்து, அங்கிருந்த அலுமினியமே எரிந்து வெடித்தது. 12 பேர் காயமுற்றார்கள், நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆலை 2000ஆம் ஆண்டில்தான் மீண்டும் ஓடியது. எங்கோ காட்டை எரித்த புகை, எங்கோ ஓர் ஆலையை வெடிக்க வைத்திருக்கிறது. இதை முன்கூட்டிக் கணக்கிட ஆள் வேண்டாமா?

வேலை எங்கே என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அதே பிந்துலுவில் 1985 முதல் ஆசியான் உர ஆலை அம்மோனியாவும் யூரியாவும் செய்கிறது. கெடாவின் குருணிலும் உர ஆலை உண்டு. கெர்த்தே, கெபெங், பாசிர் கூடாங், பெங்கேராங் எங்கும் பெட்ரோலிய இரசாயனமும் செம்பனை எண்ணெய் சார்ந்த இரசாயனமும்தான். இவற்றில் பெரும்பாலான ஆலைகளின் நடுக்கலனில் ஏதாவது ஓர் ஊக்கி இருக்கிறது. படிப்பதற்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். 1959 முதல் பந்தாய்ப் பள்ளத்தாக்கில் நிற்கும் மலாயாப் பல்கலைக்கழகம் பங்சாரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே 2000களின் தொடக்கத்திலேயே வினையூக்கத்துக்கென ஆய்வு மையம் உருவானது.

சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஊக்கி தயாரிக்க ஒரு வாரம், சோதிக்க ஒரு வாரம், எங்கோ கந்தகம் ஒட்டியிருந்தது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் என்று போகும் படிப்பு இது. உதவித்தொகை உறுதியாகாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்றும் அந்தக் கலந்துரையாடலில் சொன்னேன். மேற்பார்வையாளர் யார், அவருடைய முந்தைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதைப் போல. நம் பெற்றோருக்கு விசாரிக்கச் சொல்லியா தரவேண்டும்!

நம் தாத்தா பாட்டிமார் கித்தாப் பாலில் அம்மோனியா ஊற்றினார்கள். நம் அம்மாமார் செம்பனைக் காட்டில் உர வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறும் கையால் யூரியாவை வீசினார்கள், கை வெடித்து, நகம் கறுத்து. வினையின் கடைசி முனையில் மூன்று தலைமுறையாக நின்றிருக்கிறோம். முதல் முனையில், ஊக்கியைக் கையில் எடுத்துப் பார்க்கும் இடத்தில், ஒரு கிள்ளான் பெண் நிற்பதற்கு அவளுடைய அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்றால், கேட்போம்.

அந்த நிகழ்ச்சி ஒளியேறிய மறுவாரம் அக்கா மீண்டும் அழைத்தார், இந்த முறை நேரலையில் அல்ல, அலுவலகத்துக்கு. மகள் சேர்ந்துவிட்டாளாம். அப்பா இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லையாம், ஆனால் காலையில் மோட்டார் சைக்கிளில் ரயில் நிலையம் வரை கொண்டுவிடுகிறாராம். அக்காவுக்கு இப்போது வேறு கவலை.

“தங்கச்சி, அந்த மைனஸ் 196 பாகை நைட்ரஜன்னு சொன்னியே, அது கையில பட்டா என்னாகும்? அவ கையுறை போட்டுக்கிறாளான்னு நீ கொஞ்சம் கேட்டுச் சொல்றியா?”